புலியின் கழுத்தில் ஒரு பட்டை

அந்தப் பட்டையை முதலில் கழுத்தில் மாட்டிப் பார்த்தது புலி அல்ல, குருவம்மாள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் சமுதாயக்கூடம். மாசி மாத மதிய வெயில். மேலே மின்விசிறி சுற்றுகிறதா, சுற்றுவதுபோல் நடிக்கிறதா என்று தெரியவில்லை. மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் ரேடியோ காலரை வைத்திருந்தார் பிரபாகர். காட்டு விலங்கு ஆராய்ச்சிக்காக வந்திருந்த கோயம்புத்தூர்ப் பையன். பையன் என்றாலும் முப்பது தாண்டியவர்தான்; என் வயதுக்கு எல்லோரும் பையன்கள். தடித்த பெல்ட் போல ஒரு பட்டை, அதன் அடியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி. அதை மாட்டிவிட்டால் புலி எங்கே இருக்கிறது என்பது வானத்துக்குப் போய், அங்கிருந்து பிரபாகரின் கம்ப்யூட்டருக்கு வந்து சேருமாம்.

குருவம்மாள் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். அந்த ஊரில் மாந்தோப்பும் மாட்டுக் கொட்டகையும் உள்ள வீட்டுக்காரர். யாரிடமும் கேட்கவில்லை. பட்டையைத் தூக்கிக் கனம் பார்த்தார், முகர்ந்தார், தலைவழியாக மாட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பின்னால் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தொண்டுக்கட்டைதான இது. இதுக்கா இம்புட்டு மீட்டிங்கு?"

ஊரில் அடங்காத மாடு ஒன்று இருக்கும். அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்துவிட்டு வரும். அதன் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஓடினால் முன்னங்காலில் கட்டை இடிக்கும், மாடு நின்றுவிடும். அதுதான் தொண்டுக்கட்டை. பட்டை மாட்டினால் புலியும் அப்படித்தான் நின்றுவிடும், ஊருக்குள் வராது என்று அந்த ஊரில் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள். அதனால்தான் முந்தின வாரம் தலையாட்டியும் இருந்தார்கள். அந்தத் தலையாட்டலை வைத்து, ஊர் சம்மதம் கிடைத்துவிட்டதென்று பிரபாகர் சென்னையில் வனத்துறை மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்.

"இது புலியை நிறுத்தாதும்மா," என்றார் அவர். "எங்க இருக்குன்னு சொல்லும். அவ்வளவுதான்."

"நிறுத்தாதா?"

"நிறுத்தாது."

குருவம்மாள் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன் தம்பி. இன்னொரு மாடு போச்சுன்னா குருணை மருந்து வச்சிருவேன். ஒளிஞ்சு மறைஞ்சு செய்யல. சபையில சொல்லிட்டுத்தான் செய்வேன்."

குருணை என்றால் பயிருக்குத் தூவுகிற விஷம். புலி ஒரு மாட்டை அடித்தால் ஒரே மூச்சில் தின்று தீர்க்காது, மறுபடி வரும். அந்தச் செத்த மாட்டின்மேல் குருணையைத் தூவிவிட்டால் முடிந்தது கதை. புலி போகும், பின்னால் நரி போகும், காக்கை போகும். வனத்துறையிலிருந்து வந்திருந்த ரேஞ்சர் கூரையைப் பார்த்தார். குருவம்மாள் சொன்னால் செய்கிற ஆள்.

வெடி வைத்தால் தீரும்

போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய ஆட்டுச்சந்தை அனுபவத்தைப் படித்துவிட்டு, "புலியைத் தொட்டிருக்கிறீர்களாமே, அதை ஏன் எழுதவில்லை?" என்று சாத்தூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதாததற்குக் காரணம் உண்டு. ஊர்ப்பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு புலி பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் ஊர்ப்பெயர் கிடையாது. எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரம், மலை நிழல் சாயங்காலம் வந்து விழுகிற ஊர். அது போதும்.

நான் சிவகாசிக்காரி. நாரணாபுரம் பக்கம் எங்களுக்குப் பட்டாசுக் கம்பெனி. வீட்டில் எல்லோரும் சீசன், ஆர்டர், லோடு என்று பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் மாட்டு டாக்டருக்குப் படித்தேன். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் "எங்க மாட்டு டாக்டர்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார்கள், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதற்காக. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வனத்துறை கூப்பிட்டால் போவேன். நான் ஓய்வு பெற்றேன் என்பதற்காக மாடுகளுக்கு நோய் ஓய்ந்துவிடவில்லை.

சிவகாசிக்காரரிடம் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு வெடி வைத்திருப்பார். புலி இறங்கி வருகிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே அணுகுண்டுப் பெட்டிகள் ஒரு ஆட்டோ நிறைய அந்த ஊருக்குப் போய்விட்டன.

"ரெண்டு வெடியப் போடச் சொல்லு பிள்ள. கேரளா வரைக்கும் ஓடும்," என்றார் அண்ணன்.

முதல் சில நாட்கள் ஓடியது உண்மை. பிறகு வேறு பக்கமாக வந்தது. அப்புறம் வெடிச் சத்தம் கேட்டால் சற்றுத் தள்ளி நின்று, ஓய்ந்ததும் வந்தது. புலி பழகிக்கொண்டது, மாடுகள்தான் பழகவில்லை. பால் வற்றிப்போனது. ஒரு சினைமாடு மாதம் நிறையாமலே கன்றை வீசிவிட்டது. அதற்கும் வைத்தியம் பார்க்க நான்தான் போனேன். அண்ணனிடம் அந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

அது ஒரு பெண்புலி. கிழடு தட்டாதது, நல்ல திடமானது. மலைக்கும் கண்மாய்க்கும் நடுவே இருந்த புதர்க்காட்டில் ப்ளாட் போடக் கல் ஊன்றிவிட்டார்கள். அதைத் தாண்டி இருந்த ஓடைக்குப் புலி தண்ணீருக்குப் போகிற பழைய தடம் அது. தடத்தில் கல் ஊன்ற மனிதன் நடமாடுகிற நாளில் புலி விலகித் தோப்பு வழியாக வருகிறது. வருகிற வழியில் மாடு நிற்கிறது. குருவம்மாளின் மாடு போனது அப்படித்தான். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிழைத்த கன்று அது; மாரி என்று பேர் வைத்து வளர்த்தார்.

அரசாங்கத்தின் முன் இரண்டு வழி இருந்தது. புலியைப் பிடித்து மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிடுவது ஒன்று. பட்டை மாட்டி அதன் காட்டிலேயே விட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வது இன்னொன்று. அதன் உடம்பு தாங்குமா என்று நான் சொல்ல வேண்டும். நான் சரி என்றால் பட்டை, மாட்டேன் என்றால் வாழ்நாள் முழுக்கக் கம்பிக்குப் பின்னால். மூன்றாவது வழி குருவம்மாளுடையது.

காரியாபட்டிக் கன்று

எனக்குக் கழுத்தில் எதைக் கட்டினாலும் பிடிக்காது. அது காரியாபட்டியில் ஒட்டிக்கொண்ட குணம்.

என் முதல் வேலை அங்கேதான். ஒரு நாள் சம்சாரி ஒருவர், எங்கள் பக்கம் விவசாயிக்கு அதுதான் பேர், கன்றுக்குட்டியை ஓட்டி வந்தார். தீவனம் எடுக்கவில்லை, கழுத்துப் பக்கம் ஏதோ வாடை அடிக்கிறது என்றார். கயிறு எங்கே என்று கேட்டேன். கட்டியிருக்கிறேனே என்றார். பார்த்தால் கழுத்தில் கயிறே இல்லை. விரலால் தடவியபோதுதான் தெரிந்தது, கயிறு தோலுக்கு உள்ளே இருந்தது. சின்னக் கன்றாக இருந்தபோது கட்டியது. அவிழ்த்துத் தளர்த்த மறந்துவிட்டார்கள். கழுத்து வளரும், கயிறு வளராது.

அன்றைக்கு அந்தப் புண்ணைக் கழுவும்போது வந்த வாடையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. டெட்டாலும் அழுகலும் புகையிலையும் கலந்த ஒன்று. புகையிலை, கன்றைப் பிடித்திருந்த அந்தச் சம்சாரியின் வாயிலிருந்து. அவர் அழுதுகொண்டிருந்தார். கன்று பிழைத்துவிட்டது. கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வளையம் மட்டும் கடைசிவரை இருந்தது.

அதனால் பிரபாகர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்து பட்டை என்று வாயெடுத்ததுமே, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் தம்பி என்று சொல்லிவிட்டேன். அவரும் குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். என்னைப்போல் இன்னொரு பிடிவாதக்காரரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்ததால், நான்காம் முறை உட்காரச் சொன்னேன்.

சாட்சிக் கூண்டு

சமுதாயக்கூடத்துக்குத் திரும்புவோம். குருவம்மாள் போட்ட போட்டுக்குப் பிறகு எழுந்தவர் ஞானசேகரன் சார். ராஜபாளையத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். காட்டுக்காகக் கோர்ட்டுப் படியேறியவர். நல்ல மனிதர். ஆனால் கேள்வியை ஊசி மாதிரிதான் கேட்பார்.

"மயக்க ஊசியிலேயே செத்துப்போன புலி உண்டா இல்லையா டாக்டர்?"

"உண்டு சார்."

"பட்டை உரசிக் கழுத்து புண்ணான புலி?"

"உண்டு."

"அப்புறம் என்ன விவாதம்? கேமராவ மரத்துல கட்டுங்க. உடம்புல இருக்கிற வரியப் பாத்தே எந்தப் புலின்னு சொல்லிரலாம். அதைத் தொட வேண்டிய அவசியமே இல்ல."

பிரபாகர் சும்மா இருக்கவில்லை. "கேமரா முன்னால வந்தாத்தான் சார் படம். வராத நாள்ல எங்க இருந்துச்சுன்னு கேமரா சொல்லாது. மாடு போறது அந்த நாள்லதான். அப்புறம், அந்தக் கல் ஊன்றின இடம் புலி நடக்கிற பாதைன்னு நம்ம வாயால சொன்னா யார் கேக்கப் போறாங்க? தினம் தினம் அது வழியா போகுதுன்னு பட்டை சொன்னா மறுக்க முடியாது."

"ஆக, ஒரு உசுரை சாட்சிக் கூண்டுல ஏத்தப் போறீங்க. அது கேக்காத வழக்குக்கு," என்றார் சார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்ததுதான் காரணம். ஒருவர் பொய் சொன்னால் வேலை சுலபம். தொடாமல் விடுவதுதான் மரியாதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடாமல் விட்டால் குருவம்மாள் குருணையைத் தொடுவார். பிடித்துக் கொண்டுபோனாலோ, காலியான காட்டுக்குள் அடுத்த வருடம் இன்னொரு புலி வரும். அதையும் பிடிப்பார்களா? மலையில் இருக்கிற புலியையெல்லாம் பிடித்துவிட்டு, மலைக்குப் புலிகள் காப்பகம் என்று போர்டு மட்டும் வைத்துக்கொள்வார்களா?

எழுந்து என் முடிவைச் சொன்னேன். பட்டை மாட்டலாம், ஆனால் என் சொல்படி. வளர்ந்து முடிந்த புலி என்று பல்லைப் பார்த்து நான் சொன்ன பிறகுதான் மாட்ட வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் புக வேண்டும். காலம் முடிந்ததும் தானாகக் கழன்று விழுகிற பட்டையாக இருக்க வேண்டும். வெட்டவெளியில் மயக்க ஊசி போடக் கூடாது. மயக்கம் ஏறுவதற்குள் அது ஓடும், இந்த அடிவாரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் வாய் பிளந்து கிடக்கின்றன. கூண்டுக்குள் வந்த பிறகுதான் ஊசி. இதில் ஒன்று குறைந்தாலும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஞானசேகரன் சார் என்னைப் பார்த்தார். "நீங்களுமா டாக்டர்?" என்றார். நானும்தான் என்றேன்.

கலவை ரூம்

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். குருவம்மாள் விடுவதாக இல்லை.

"சரி. மாட்டுங்க. அது எங்க இருக்குன்னு வருதுல்ல, அதை அப்படியே நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டு விட்டிருங்க. அம்புட்டுப் பேரும் பாத்துக்கிருவோம்."

கூட்டம் மொத்தமும் ஆமா ஆமா என்றது. பிரபாகர் பதறி எழுந்தார். ஒரு புலி இந்த நிமிஷம் எந்தப் பாறையில் படுத்திருக்கிறது என்பது குரூப்பில் போனால், அது எத்தனை குரூப்புக்குப் போகும்? தோலுக்கும் பல்லுக்கும் அலைகிறவன் கைக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? படம் எடுக்கக் கிளம்புகிற கூட்டம் வேறு. அவர் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. எங்களை நம்பவில்லையா என்று பின்வரிசையில் சத்தம் கிளம்பியது.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேனில் ஏறிப் பட்டாசு வேலைக்கு வருகிறவர். அதனால் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் பேசலாம் என்று எழுந்தேன்.

"கலவை ரூமுல எத்தனை பேர் நிக்கலாம்?" என்று கேட்டேன்.

பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறையின் சுவரிலும் எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதியிருக்கும். மருந்து கலக்கிற அறைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அங்கே ரெண்டு பேருக்கு மேல் ஆகாது. முதலாளியே வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். என் அப்பா அறுபது வயதிலும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகுதான் அவரிடம் பேசுவார்.

"ரெண்டு பேரு," என்றது கூட்டம்.

"ஏன் ரெண்டு பேர்? மத்தவங்க மேல நம்பிக்கை இல்லாமலா? வெடிச்சா அம்புட்டுப் பேரும் போயிரக் கூடாதுன்னுதான. இந்தத் தகவலும் அப்படிப்பட்ட மருந்துதான். எத்தனை பேர் கைபடுதோ அத்தனை ஆபத்து. அதனால பிரபாகரும் ரேஞ்சரும் மட்டும் வச்சுக்கிடட்டும்."

எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சில தலைகள் ஆடவும் செய்தன. குருவம்மாள் எழுந்து நின்றார்.

"கலவ ரூமுக்குள்ள நிக்கிற ரெண்டு பேருக்கு, அது என்ன மருந்துன்னு தெரியுமா தெரியாதா டாக்டரம்மா?"

"தெரியும். தெரியாம எப்படி நிப்பாங்க?"

"அப்ப இங்க ரூமுக்குள்ள நிக்கிறது ஆரு? நீங்க சிவகாசியில மாடி வீட்டுல இருக்கீக. இந்தத் தம்பி ஜீப்புக்குள்ள இருக்காரு. சார் ராஜபாளையத்துல இருக்காரு. புலியோட ஒரே ரூமுல நிக்கிறது நாங்க. மருந்து என்னன்னு எங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீக."

சரியான பதிலைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அன்றும் வந்தது. மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். சுடுதண்ணீர் போலிருந்தது. கோபம் இறங்கியதும் எழுந்தேன்.

"சரி, ரூமுக்குள்ள ரெண்டு பேர் நீங்களே சொல்லுங்க," என்றேன்.

அன்று சாயங்காலம் வரைக்கும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். புலி படுத்திருக்கிற இடம் யாருக்கும் போகாது. ஊருக்குப் பக்கத்தில் அது வந்தால், 'இன்று ஓடைப்பக்கம் வேண்டாம்', 'இன்று மேற்கே மாடு விட வேண்டாம்' என்று மட்டும் காலையில் இரண்டு பேருக்குச் செய்தி போகும். அவர்கள் வாய்வழியாக ஊருக்குச் சொல்வார்கள். ஒருவர் ஊர்மாடுகளை மேய்க்கிற பரமசிவம். இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப குருணை?" என்று குருவம்மாளிடம் நேராகக் கேட்டேன்.

"பட்டை அது கழுத்துல கெடக்கிற வரைக்கும் மருந்தைத் தொட மாட்டேன். அம்மன் மேல ஆணை. கழண்டு விழுந்த பொறவு என்னைக் கேக்கப்படாது."

அதற்குமேல் கறக்க முடியாது என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டேன்.

விரல் புகுந்தது

தோப்போரம் வைத்த கூண்டில் அது சிக்கிய காலை நல்ல பனி. மாம்பூ வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனையும் இருந்தது. புதுப் பச்சரிசியைப் பொங்கி இறக்கும்போது வருமே, அது. புலி எல்லை குறிக்கப் பீய்ச்சுகிற நீருக்கு அந்த வாசனை உண்டு. படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முகர்ந்தேன். பசிக்கிற வாசனையும் பயமுறுத்துகிற வாசனையும் ஒன்றாக இருந்தது வேடிக்கைதான்.

மயக்கம் ஏறியதும் கூண்டுக்கு வெளியே கிடத்திக் கண்ணுக்குத் துணி கட்டினோம். நாக்கை வெளியே இழுத்து ஒதுக்கிவிட்டேன். சொரசொரவென்று தேங்காய்த் துருவி மாதிரி இருந்தது. பல் நன்றாக வளர்ந்திருந்தது. பிரபாகர் பட்டையைச் சுற்றித் திருகாணியை முறுக்கினார். நான் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்தான் போனது.

"தளர்த்துங்க."

"கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் மேடம் கழண்டு வராது."

"தளர்த்துங்க தம்பி. இல்லேன்னா நானே கழட்டிருவேன்."

தளர்த்தினார். இரண்டு விரல் தாராளமாகப் போனது. காரியாபட்டிச் சம்சாரியின் முகம் ஒரு கணம் வந்து போனது எனக்கு. மூச்சு சீராக இருக்கிறதா என்று விலாவில் கை வைத்திருந்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ மாட்டு விலாவில் கை வைத்திருக்கிறேன். அப்படி ஒரு பயமும் சந்தோஷமும் எங்கேயும் வந்ததில்லை. கண்துணியை அவிழ்த்து, தெளிவிக்கிற ஊசியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஜீப்புக்குள் ஏறிக்கொண்டோம். அது எழுந்தது, தள்ளாடியது, தலையை உதறியது. பட்டையைப் பின்னங்காலால் ஒருமுறை சொறிந்துவிட்டு மலைப்பக்கம் நடந்து போனது.

தோப்பு வேலிக்கு வெளியே ஞானசேகரன் சார் நின்றிருந்தார். வர மாட்டேன் என்று சொன்னவர், கருக்கலிலேயே வந்திருக்கிறார். "நடந்து போயிருச்சு. அந்த மட்டும் சந்தோஷம்," என்றார். "ஆனா என் கருத்துல மாத்தம் இல்ல." எனக்கு அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

நகராத புள்ளி

பட்டை வேலை செய்தது. கல் ஊன்றிய இடத்தின் வழியாகத்தான் அது போய்வருகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு கோடாகத் தெரிந்தது. அதைக் காட்டிய பிறகு ப்ளாட் வேலை நின்றது. நின்றது என்றுதான் சொல்கிறேன், கல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அதற்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், விடப் போவதில்லை. ஊரில் மாடு சாவது குறைந்தது. செய்தி வராத நாளில் குருவம்மாள் பிரபாகரைக் கூப்பிட்டு, "என்ன தம்பி, இன்னைக்கு அவளைப் பத்திப் பேச்சே இல்ல?" என்று கேட்பாராம்.

பட்டை மாட்டிய பிறகு வந்த இரண்டாம் மழைக்காலம் முடிந்த சமயம். பிரபாகர் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"மேடம், கம்ப்யூட்டர்ல புலியோட புள்ளி நேத்துல இருந்து நகரல."

இதற்கு இரண்டே அர்த்தம். பட்டை கழன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் புலி செத்திருக்க வேண்டும். கழன்று விழுகிற காலம் ஏறக்குறைய அதுதான், இருந்தாலும் மனசு நல்லதை நினைக்கவா செய்யும்? நான் நினைத்ததெல்லாம் குருணையைத்தான். ஒரு கணம் குருவம்மாளையும் சந்தேகப்பட்டேன். ஓடையோரம் ஏறி, முள்ளில் சேலை கிழிந்து, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தால், ஈரச் சருகுக்குள் பட்டை மட்டும் கிடந்தது. உட்பக்கம் சில மயிர்கள் ஒட்டியிருந்தன. ரத்தம் இல்லை, சீழ் இல்லை. விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

பிரபாகர் பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது, அரை நாள் மட்டும். சாயங்காலம் வீடு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பட்டை விழுந்துவிட்டது. குருவம்மாள் கொடுத்த வாக்கும் அதோடு முடிந்தது.

கொட்டகைக்கு மேற்கே

அதன்பிறகு தை பிறந்தது. ஒரு நாள் காலையில் பரமசிவம் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, குருவம்மா மதினி மாடு போயிருச்சு. கொட்டகைக்கு மேக்க அடிச்சுப் போட்டிருக்கு. மதினி அங்கனயே இருக்காக, வீட்டுக்கு வர மாட்டேங்கிறாக. நீங்க கொஞ்சம் வாங்க."

அங்கேயே இருக்கிறார் என்றால் குருணை வைக்கத்தான் என்று நினைத்துவிட்டேன். ரேஞ்சருக்குச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தேன். வாக்கு முடிந்துவிட்டது, அம்மன் பேரில் உள்ள ஆணையும் முடிந்துவிட்டது. மாடு போனவரிடம் போய் நியாயம் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான். கெஞ்சுவதென்று முடிவு செய்துகொண்டேன்.

வேலிக்கு மேற்கே, வெயிலில், செத்த மாட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார் குருவம்மாள். கையில் குடை. பக்கத்தில் ஒரு கம்பு. கண் சிவந்திருந்தது. நான் முதலில் பார்த்தது அவரை அல்ல, மாட்டை. மேலே ஏதாவது தூவியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"ஒண்ணும் வைக்கல," என்றார். "நான் வைக்கல. ஆனா கீழத்தெருவுல ஒருத்தன் குருணைப் பொட்டலத்தோட காலையிலேயே வந்துட்டான். வெரட்டி விட்டேன். திரும்பி வருவான். அதான் ரேஞ்சரு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "உங்க வாக்குத்தான் முடிஞ்சு போச்சே குருவம்மா."

"முடிஞ்சுதான் போச்சு. ஆரு இல்லைன்னா?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ரெண்டு வருசமா காலையில கண்ணு முழிச்சதும் அவ எங்க இருக்கான்னுதான் மொத விசாரிப்பு. எங்க வீட்டுக்காரரைக்கூட இம்புட்டு விசாரிச்சதில்ல. விசாரிச்ச பொறவு எப்படி வைக்கச் சொல்றீக?"

"இது அவதானான்னே இப்பத் தெரியாதே."

"எவளா இருந்தா என்ன?"

மாட்டின் மேல் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. அவர் கம்பால் தரையைத் தட்டினார்.

"மாடு போன கோவம் எனக்கு இருக்கு டாக்டரம்மா. அவ எதுக்க வந்தா செருப்பைக் கழட்டி எறிஞ்சிருவேன். இன்னைக்கு என்கிட்ட நல்லது கெட்டது பேசாதீக. வெயிலா இருக்குல்ல, குடைக்குள்ள வந்து உக்காருங்க."

நான் குடைக்குள் போய் உட்கார்ந்தேன். பொட்டலத்துக்காரன் தூரத்தில் வேலியோரம் வந்து எங்கள் இருவரையும் பார்த்தான். குருவம்மாள் எழுந்து நின்றார், நானும் எழுந்து நின்றேன். அவன் திரும்பிப் போகும்வரை நின்றோம்.